பர்ன்ஹாம் தெருவில் ஆறு வீடுகள்: ரைட்டின் மலிவு வீடுகளைப் பார்க்கப் போகலாமா?

வாசு_நேப்பர்வில் (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிகாகோவில் வழக்கமாகக் காட்டுகிற உயரக் கட்டடங்களை எல்லாம் காட்டியாச்சு. எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு" என்று ஒரே வார்த்தை. போன வாரம் ஓக் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வாழ்ந்த வீடு, அக்கம்பக்கத்தில் அவர் பிறருக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் என்று இரண்டு மணி நேரம் நடந்தோம். வண்டியில் ஏறியதும் அப்பா கேட்டது: "பணம் இருக்கறவனுக்கு யாரு வேணா அழகா கட்டிக் கொடுக்கலாம்டா. சம்பளக்காரனுக்கு இந்த மனுசன் என்ன கட்டினார்?"

என்னிடம் பதில் இல்லை. தேடியதில் மில்வாக்கியில் ரைட் வடிவமைத்த, ஆலையிலேயே மரம் வெட்டி அனுப்பிக் கட்டிய சின்ன 'முன்தயாரிப்பு' வீடுகள் இருப்பதாகத் தெரிகிறது. யாராவது போயிருக்கீங்களா? அரை நாள் செலவழிக்கத் தகுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி அதிகம் ஆகாது.

---

மாலா_மில்வாக்கி

போகலாம். நான் இரண்டு தடவை போயிருக்கேன், வீட்டிலிருந்து பத்து நிமிஷம்தான்.

நகரத்தின் தெற்குப் பக்கம், மேற்கு பர்ன்ஹாம் தெருவும் லேட்டன் புலவாரும் சேருகிற முனை. 27ஆம் தெருவுக்கு அந்தப் பகுதியில் லேட்டன் புலவார் என்று பேர். மொத்தம் ஆறு வீடுகள், 1915-16இல் கட்டினவை. நாலு இரட்டைக் குடித்தன வீடு, அதாவது கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். மற்ற இரண்டும் தனி வீடு. அதில் பி1 என்கிற மாதிரியைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மக்களுக்குத் திறந்துவிட்டிருக்காங்க. 2004இல் ஒரு அறக்கட்டளை வாங்கி, 2010 வாக்கில் வேலையை முடிச்சாங்க. சி3 மாதிரி முனை திரும்பினால் லேட்டன் பக்கம்.

பி1 ஒரே தளம். 805 சதுர அடி. அப்பா முழங்காலுக்குப் பிரச்சினை இருக்காது. தினமும் திறக்க மாட்டாங்க, முன்பதிவு பண்ணிட்டு வாங்க. சிகாகோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஹயவாத்தா ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அப்பாவுக்கு ரயிலும் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிடறேன். ஓக் பார்க் மாதிரி மரம் அடர்ந்த பணக்காரத் தெருவை எதிர்பார்த்து வராதீங்க. சாதாரணக் குடியிருப்பு. மெக்சிகோ வழி வந்த குடும்பங்கள் நிறைய. எதிர் வரிசையில் துணி காயும், பிள்ளைங்க சைக்கிள் ஓட்டும்.

---

கேள்விக்குறி

805 சதுர அடி. நம்ம ஊர் டூ பெட்ரூம் ஃப்ளாட். இதைப் பார்க்க டிக்கெட் வாங்கி, ரயில் ஏறி, வழிகாட்டி விளக்கம் கேட்கணுமா? ரைட் பேர் இல்லேன்னா எப்பவோ இடிச்சிருப்பாங்க.

---

மாலா_மில்வாக்கி

@கேள்விக்குறி பேர் இருந்தும் இடிச்சிருக்காங்க சார். ரைட்டின் இதே திட்டத்தைச் சேர்ந்த மன்க்விட்ஸ் அடுக்ககம் இங்கேதான் இருந்தது. சாலையை அகலப்படுத்தணும்னு 1973இல் தரைமட்டம். இந்தியானா மாநிலம் கேரியில் ஒரு வீடு 2006இல் தீப்பிடிச்சுப் போச்சு.

---

தச்சன்_மகன்

வாசு தம்பி, ஒரு திருத்தம். இதை 'முன்தயாரிப்பு வீடு' என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம். முன்தயாரிப்பு என்றால் சுவர் சுவராக, கூரை கூரையாகச் செய்து லாரியில் கொண்டுவந்து பொருத்துவது என்றுதான் இன்றைக்கு அர்த்தம். பர்ன்ஹாம் வீடுகள் அப்படி இல்லை. மரத்தை மட்டும் ஆலையில் அளந்து வெட்டி, கட்டுக் கட்டாக மனைக்கு அனுப்பினார்கள். உள்ளூர்த் தச்சர்கள் அதை நிறுத்தி ஆணி அடித்தார்கள். பூச்சு வேலை முழுக்க மனையில்தான், ஈரச் சாந்து வைத்து. 'அளந்து வெட்டிய வீடு' என்று வேண்டுமானால் சொல்லலாம்.

என் அப்பா தச்சர். நிலையும் கதவும் பட்டறையில் செய்து, வண்டியில் ஏற்றிப் போய் நிறுத்துவார். அதை யாரும் முன்தயாரிப்பு என்று பெருமையாகச் சொன்னதில்லை!

---

நிலா_வரைபலகை

தச்சன் மகன் அண்ணா சொல்வது சரி. ஆனால் 'வெறும் மரம் வெட்டினதுதானே' என்று தள்ளிவிட முடியாது. கட்டடக்கலை படித்தவள் என்ற முறையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கோங்க.

இந்தத் திட்டத்தின் பேர் 'அமெரிக்கன் சிஸ்டம் பில்ட் ஹோம்ஸ்'. ரைட் 1911லிருந்து 1917 வரை இதில் கிடந்தார். 900க்கும் மேலே வரைபடங்கள். அவர் வாழ்நாளில் வேறு எந்த ஒற்றைத் திட்டத்துக்கும் இவ்வளவு வரையவில்லை. டோக்கியோ இம்பீரியல் ஓட்டல், நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் எல்லாம் வரைபடக் கணக்கில் இதற்குப் பிறகுதான்! பேர் பெற்ற கட்டடங்களை விட, பேர் தெரியாத சம்பளக்காரன் வீட்டுக்குத்தான் அந்த மனுசன் அதிகக் காகிதம் செலவழித்திருக்கிறார். வாசு, அப்பாவிடம் இதைச் சொல்லுங்க.

கூட்டாளி மில்வாக்கிக்காரர் ஆர்தர் ரிச்சர்ட்ஸ். அவர் நிறுவனம் மரத்தை வெட்டி அனுப்பும். அந்தந்த ஊரில் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வாங்கிக் கட்டுவார். சியர்ஸ் நிறுவனத்தோடு குழப்பிக்கக் கூடாது. சியர்ஸ் 1908லிருந்து பட்டியல் புத்தகம் போட்டு, தபாலில் ஆர்டர் எடுத்து, ரயிலில் வீட்டையே அனுப்பினது. வாங்கினவரே கட்டிக்கலாம். ரைட் அதை விரும்பவில்லை. யார் கையில் போகிறது, எப்படி நிற்கிறது என்பதில் பிடி இருக்கணும் என்று நினைத்தார்.

எல்லாத்துக்கும் வேர் 1901இல் சிகாகோவின் ஹல் ஹவுஸ் சமூக நிலையத்தில் அவர் பேசின பேச்சு. இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்த கைவினைக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, இயந்திரம்தான் இனிமேல் கலைஞனின் கருவி என்று சொன்னார். அதை வைத்து இலை, கொடி எல்லாம் குடையச் சொல்லாதே, அதற்கு நேராக வெட்டத் தெரியும், நேர்கோட்டில் வடிவமை என்பது அவர் வாதம். பர்ன்ஹாம் வீடுகளின் உள்ளே ஓடுகிற மரப்பட்டைகளைப் பார்த்தால் அந்தப் பேச்சு நினைவுக்கு வரும்.

---

கேள்விக்குறி

அதெல்லாம் சரிங்க மேடம். பனி கொட்டுற ஊரில் தட்டைக் கூரை வெச்ச மனுசனைப் பற்றியா பேசறோம்? ரைட் கூரை ஒழுகும்ங்கறது உலகப் பிரசித்தம்.

---

நிலா_வரைபலகை

@கேள்விக்குறி அதை மறுக்க மாட்டேன் :)

---

ஸ்காபரோ_ரவி

நல்ல இழை. நாங்கள் போன வருசம் மடிசனுக்குப் போகேக்க, ரைட் மலிவா வடிவமைச்ச ஜேக்கப்ஸ் வீட்டை வெளியில நிண்டு பாத்தனாங்கள். 1937இல கட்டினது, 5,500 டொலருக்கு. 2019இல யுனெஸ்கோ பட்டியலில சேர்த்த ரைட்டின்ர எட்டுக் கட்டிடங்களில அதுவும் ஒண்டு. பர்ன்ஹாம் அதில இல்லை. எனக்கு என்னெண்டா, ஜேக்கப்ஸ் வீட்டுக்குக் கிடைச்ச மரியாதையில பாதிகூட இந்த ஆறு வீட்டுக்கும் கிடைக்கேல்லை. இருபது வருசத்துக்கு முன்னமே இந்த ஆள் அதே கணக்கைப் போட்டுப் பாத்திட்டார் எண்டது கனபேருக்குத் தெரியாது.

மடிசனில எர்ட்மன் வீடுகளும் இருக்கு. மார்ஷல் எர்ட்மன் எண்ட கட்டிடக்காரரோட சேர்ந்து 1956இல ரைட் திரும்பவும் துவங்கினது. அது தச்சன் மகன் அண்ணை சொல்லுற மாதிரி உண்மையாவே பலகை பலகையாச் செய்து கொண்டுவந்து பூட்டினது. ஆனா மொத்தமாப் பதினொரு வீடுதான் எழும்பினது. அந்த ஆளுக்கு மலிவு வீடு எண்டா ராசியில்லை போல.

---

வாசு_நேப்பர்வில்

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமைக்குப் பதிவு பண்ணியாச்சு. அப்பாவிடம் 900 வரைபடக் கதையைச் சொன்னேன். "அவ்வளவு வரைஞ்சானா? அப்ப முடிவு பண்ணத் தெரியாத ஆளு" என்றார்.

---

வாசு_நேப்பர்வில்

போய் வந்தாச்சு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பர்ன்ஹாம் தெருவில் இறங்கியதும் ஏமாற்றம்தான். நீங்கள் எச்சரித்தும்கூட. சாந்து பூசிய வெளிர் சுவர், பெட்டி பெட்டியாக வீடுகள். நாலு இரட்டைக் குடித்தன வீடும் வரிசையாக நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம், ஆனால் நூறு வருஷத்தில் குடியிருந்தவர்கள் அவரவர் வசதிக்குத் திண்ணையை அடைத்து, இதை மாற்றி அதை மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்பா நடைபாதையில் நின்று நாலையும் ஒரு பார்வை பார்த்தார். "டைப் டிசைன்" என்றார். அரசு குடியிருப்புகளுக்கு ஒரே வரைபடத்தை வைத்து நூறு வீடு கட்டுவதைத் துறையில் அப்படித்தான் சொல்வார்களாம். "இதே மாதிரி நான் எவ்வளவு கட்டியிருக்கேன் தெரியுமா?"

பி1 வீட்டுக்கு வந்தால் வாசலைக் காணோம். தெருவைப் பார்த்த முகப்பில் வரிசையாகச் சன்னல்கள். கதவு பக்கவாட்டில், ஒதுங்கி இருக்கிறது. அப்பா அதற்கு முகம் சுளித்தார். தலைவாசல் தெரியாத வீடு என்ன வீடு என்று.

உள்ளே நுழைந்து நாலு தப்படி வைத்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பேசவில்லை. வாய் ஓயாத மனுசர்.

கூடம் சின்னது. கணப்பு நடுவில் இருக்கிறது, வீடே அதைச் சுற்றித்தான். அலமாரியும் இருக்கையும் சுவரோடு சேர்த்தே செய்தது. தனியாகச் சாமான் வாங்கிப் போட்டு இடத்தை அடைக்கத் தேவையில்லை. சன்னல்கள் ஒவ்வொன்றும் ஒடுக்கமானவை, ஆனால் நாலைந்தை ஒட்டி ஒட்டி வைத்ததால் சுவரே திறந்துகொண்ட மாதிரி இருக்கிறது. மரப்பட்டை ஒன்று சுவரில் ஓடி, சன்னல் தலையைத் தொட்டு, அடுத்த அறைக்குள் போகிறது. கண்ணும் அதன் பின்னாலேயே போகிறது. அறை முடிகிற இடத்தில் பார்வை முடிவதில்லை. 805 சதுர அடி என்று அளவு நாடா சொல்லும். நிற்கிறவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

(படுக்கையறைகளுக்கு இந்த மயக்கம் செல்லாது. அவை சின்னவை, சின்னவையாகவே தெரிகின்றன. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே போக வேண்டும்.)

வழிகாட்டி ஒரு தன்னார்வலர், நல்ல பொறுமைசாலி. மரமெல்லாம் ஆலையில் வெட்டி வந்தது, தச்சர் ரம்பம் எடுக்கும் வேலையையும் மர விரயத்தையும் குறைப்பதுதான் நோக்கம் என்று விளக்கினார். அப்பா உடனே என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்ட கேள்வி: "அளவு தப்பா வந்தா என்ன பண்ணுவாங்க? மனையில சுவர் அரை அங்குலம் தள்ளித்தான் நிக்கும். ஆலையில வெட்டினவனுக்கு அது தெரியாதே?" வழிகாட்டி சிரித்துவிட்டு, நல்ல தச்சன் எப்போதும் தேவைப்பட்டான் என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. ரயிலில் மூன்று முறை சொன்னார்.

---

தச்சன்_மகன்

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க தம்பி. அந்தக் கேள்விதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. அமெரிக்காவில் இது ஓரளவு நடந்ததற்குக் காரணம், அவர்கள் வீட்டின் எலும்புக்கூடே மெல்லிய சட்டங்கள். நம்ம ஊர் மாதிரி செங்கல் சுவர் எழுப்பி அதில் நிலையை நிறுத்துவது கிடையாது. 1830களிலிருந்தே சிகாகோ பக்கம் மெல்லிய சட்டத்தை வரிசையாக நிறுத்தி ஆணி அடித்துக் கட்டுகிற முறை வந்துவிட்டது. உத்தரமும் துளைக்கூட்டும் தெரிந்த பெரிய தச்சன் தேவையில்லை, சுத்தியல் பிடிக்கத் தெரிந்தால் போதும். அதனால்தான் மரத்தை முன்கூட்டியே வெட்டி அனுப்ப முடிந்தது. சட்டத்துக்குச் சட்டம் அளவு மாறாது.

பூச்சு வந்து எல்லாத் தப்பையும் மூடிவிடும் என்பது இன்னொரு ரகசியம். அது எல்லா ஊருக்கும் பொது.

---

கேள்விக்குறி

சரி, ஒத்துக்கறேன், போய்ப் பார்க்கலாம் போலிருக்கு. ஆனா கேள்வி அப்படியே இருக்கே. சம்பளக்காரனுக்கு இவ்வளவு நல்ல வீடுன்னா ஏன் ஊரெல்லாம் இல்லை? சியர்ஸ் வீடு ஆயிரக்கணக்கில் வித்ததே?

---

நிலா_வரைபலகை

இதுதான் கதையிலேயே வருத்தமான இடம்.

1917 தொடக்கத்தில் விளம்பரம் சூடு பிடிக்கிறது. ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குகிறது. மரம், இரும்பு, ஆள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அதே வருஷம் ரைட், வரவேண்டிய பணம் வரவில்லை என்று ரிச்சர்ட்ஸ் மேல் வழக்குப் போடுகிறார். அத்தோடு கூட்டு முறிந்தது. இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக ரைட்டின் கவனம் ஜப்பான் பக்கம் போய்விட்டது. மொத்தம் இருபது கட்டடம் சுற்றித்தான் எழும்பியிருக்கும்.

போரை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சியர்ஸ் போருக்குப் பின்னாலும் 1940 வரை விற்றதே. ரைட் ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் கேட்டார்: வீடு ஆயிரக்கணக்கில் போகணும், ஒவ்வொன்றிலும் தன் கை தெரியணும். இரண்டும் ஒத்துவராது என்பது என் கட்சி.

மறந்தும் போய்விட்டார்கள். வழக்குக்குப் பிறகு ரைட் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீடு வாங்கினவர்களில் பலருக்கு யார் வடிவமைத்தது என்றே தெரியாது. 2015இல் மட்டும் இரண்டு வீடு புதிதாகக் கண்டுபிடித்தார்கள். ஒன்று மில்வாக்கியை ஒட்டிய ஷோர்வுட்டில், இன்னொன்று மடிசனில். நூறு வருஷம் ரைட் வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள், தெரியாமலே!

---

மாலா_மில்வாக்கி

வாசு, போக் வீட்டைப் பார்த்தீங்களா? அதுவும் இங்கேதான், ஏரி ஓரம் டெரஸ் அவென்யூவில். பர்ன்ஹாம் வீடுகள் எழும்பின அதே 1916இல் ஒரு செல்வந்தருக்கு ரைட் வரைஞ்சது. தனியார் வீடு, உள்ளே விட மாட்டாங்க, தெருவில் நின்னு பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் அப்பா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்னு எனக்குத் தோணும்.

---

வாசு_நேப்பர்வில்

பார்த்தோம் அக்கா. டாக்சி பிடித்துப் போனோம். செங்கல், சிற்ப வேலை, கோட்டை மாதிரி நிற்கிறது. அப்பா இறங்கக்கூட இல்லை. "இது யாரோ பெரிய மனுசன் வீடு. அங்கே பார்த்தது நம்ம வீடு" என்று டாக்சியைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

---

புதுவை_சேகர்

இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். ஒரு துணுக்கு சொல்லிவிட்டுப் போகிறேன்.

பர்ன்ஹாம் வீடுகள் முடிந்த 1916இல்தான் ரைட்டின் தாலியசின் பட்டறையில் ஒரு செக் நாட்டு இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். அன்டோனின் ரேமண்ட். பிறகு இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக ஜப்பான் போய், ரைட்டை விட்டுப் பிரிந்து அங்கேயே தொழில் தொடங்கினார். அவர்தான் எங்கள் ஊர் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை வடிவமைத்தவர். 1930களின் இறுதியில் தொடங்கி 1940களில் முடிந்தது. இந்தியாவின் ஆரம்பகால ஆர்.சி.சி. கட்டடங்களில் பேர் பெற்றது. கூரைக்கு வளைவான கான்கிரீட் பலகைகளை முன்கூட்டியே வார்த்து வைத்து அடுக்கினார்கள். வெயிலையும் காற்றையும் வேண்டியபடி விட, முகப்பு முழுக்கத் திருப்பி மூடும் தகடுகள்.

ரைட்டிடம் படித்ததை ரேமண்ட் அப்படியே கொண்டுவந்தார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ரேமண்டே கோபித்துக்கொள்வார், குருவின் பாணியிலிருந்து தப்பிக்கத்தான் பாதி ஆயுள் பாடுபட்டேன் என்பார். ஆனாலும் வாசு, அப்பா ஊர் திரும்பியதும் ஒருநாள் புதுச்சேரி வரச் சொல்லுங்கள். உள்ளே போக ஆசிரமத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

---

ஸ்காபரோ_ரவி

சேகர் அண்ணை, இது எனக்குத் தெரியாத சங்கதி. நன்றி.

வாசு, கூரை ஒழுகுதோ எண்டு அப்பா பாத்தவரோ? கேள்விக்குறி நித்திரை கொள்ளாமல் காத்துக்கொண்டு இருக்கிறார்.

---

வாசு_நேப்பர்வில்

பார்க்காமல் இருப்பாரா. உள்ளே போனதும் முதலில் நிமிர்ந்து கூரை மூலைகளைத்தான் பார்த்தார், கறை இருக்கிறதா என்று. இல்லை. "புதுசா பூசியிருக்கான், இப்ப எப்படித் தெரியும்? ரெண்டு மழை போகணும்" என்றார். கேள்விக்குறி அண்ணனும் அப்பாவும் சந்தித்தால் நன்றாகப் பேசிக்கொள்வார்கள்.

---

நிலா_வரைபலகை

வாசு, படம் ஏதாவது எடுத்தீங்களா? தரைத்திட்டம் இருந்தால் இன்னும் நல்லது.

---

வாசு_நேப்பர்வில்

பதிலுக்குத் தாமதம், மன்னிக்கணும். அப்பா போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். படம் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அவர் தங்கியிருந்த அறையை ஒழிக்கும்போது மேசை இழுப்பறையில் ஒரு வங்கி உறை கிடைத்தது. பின்பக்கம் பென்சிலில் பி1 வீட்டின் தரைத்திட்டம், நினைவிலிருந்து போட்டது. நடுவில் கணப்பு, சுவரோடு அலமாரி, பக்கவாட்டு வாசல் எல்லாம் இருக்கிறது. அடி, அங்குலக் கணக்கும் எழுதியிருக்கிறார். நாளைக்கு ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன்.

நிலா, நீங்கள் அளவு சரிபார்ப்பீர்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சமையலறையை இரண்டடி அகலமாக்கியிருக்கிறார். போனில் கேட்டேன். "தெரிஞ்சுதான் போட்டேன். உங்கம்மா நிக்க வேணாமா?" என்றார்.